கரடிப்பாறைச் சீட்டு

அக்டோபர் 9, ஞாயிறு

வெட்கக்கேடுதான், ஆனாலும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கக்கூஸுக்குப் பின்னால் கிடந்த ஒரு நத்தை ஓட்டை, கரடிப்பாறைச் சரிவில் மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் எடுத்ததாகச் சீட்டு எழுதிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இதனால் யாரும் செத்துவிடப் போவதில்லை. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

இந்த டைரி ஞானாபரணம் ஐயா ஜனவரியில் அனுப்பியது. மருந்துக் கம்பெனி டைரி, பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மாத்திரைப் படம். ‘மலையில் பார்த்ததைத் தினமும் எழுதும்’ என்று உள்ளே சீட்டு வைத்திருந்தார். ஒன்பது மாதமாக மூக்கம்மா இதன்மேல் அரிசிப் பானையை வைத்திருந்தாள். இன்றுதான் உருவினேன். மலையில் பார்த்ததை எழுத அல்ல.

டைரிக்கு என்னைத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பெயர் வீரணன். சிறுமலை. வயது நாற்பத்தேழு, படிப்பு நாலாவது. தோட்டங்களில் இருந்து வாழைத்தாரைக் குதிரையில் ஏற்றி பஸ் ரோட்டுக்குக் கொண்டுவருவது தொழில். குதிரையின் பெயர் தாசில்தார். நாலு தடவை கூப்பிட்டால்தான் தலையைத் தூக்குவான், அதனால் அந்தப் பெயர். மூக்கம்மா என் சம்சாரம். அவள் எட்டாவது வரை படித்தவள். இந்த விஷயம் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போகவேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன் தாசில்தார் கழுத்துக்கு நத்தை ஓட்டிலே மாலை கட்டிப் போட்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெரியவர் நேரே வந்து குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்து மாலையை ஒவ்வொரு ஓடாகப் படித்தார். அரை மணி நேரம். அவர் வந்த பஸ் திரும்பிப் போயே விட்டது. அவர்தான் ஐயா. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக மலை நத்தை பொறுக்குகிறார். அவரோடு ஏற்காட்டில் ஒரு லைன் இன்ஸ்பெக்டர், கொல்லிமலையில் பவளக்கொடி டீச்சர். நாலாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டார்.

எங்களுக்குள் ஒரு நோட்டு தபாலில் சுற்றிக்கொண்டே இருக்கும். வந்த நோட்டில் நம் பக்கத்தை எழுதி, நத்தைகளைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அடைத்து அடுத்த ஆளுக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சீட்டு. பெயர், இடம், தேதி, எதன்மேல் இருந்தது, எடுத்தவர். “சீட்டில்லாத நத்தை வெறும் சுண்ணாம்பு” என்பார் ஐயா.

அன்றைக்கு ‘இடம்’ என்று எழுதிவிட்டு ‘க’ போட்டேன். பேனா நின்றது. டீச்சரம்மா இதைப் படிப்பார். எனக்கு ‘மலைக்காரரே’ என்று கடிதம் எழுதுகிறவர். ‘க’வை வீணாக்காமல் கரடிப்பாறை என்று முடித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அக்டோபர் 12, புதன்

மழை. லோடு இல்லை. மூக்கம்மாவின் முந்தானையைத் தாசில்தார் தின்றான். நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தேன். நேற்று தூங்கவில்லை.

அக்டோபர் 15, சனி

தபால் ஆபீஸ் பக்கம் போனேன். கடிதத்துக்காக இல்லை, குதிரை அந்தப் பக்கம் இழுத்தது. போஸ்ட்மாஸ்டர், “என்ன வீரணா, இந்த வாரத்துல நாலாவது தடவை. குதிரைக்கு ஏதும் லெட்டர் வரணுமா?” என்றார். தாசில்தாருக்கு ஆர்டர் வரவேண்டும், மாற்றலாகிப் போகிறார் என்றேன். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவர் கையிலிருந்த கடிதக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 19, புதன்

வந்துவிட்டது. இன்லண்டு கடிதம், மடிப்பு ஓரம்வரை எழுதியிருந்தார்.

‘அன்புள்ள நண்பர் வீரணன் அவர்களுக்கு. உம் கரடிப்பாறை நத்தை வந்து சேர்ந்தது. மூன்று நாளாக அதை மேசையிலிருந்து எடுத்து வைக்க மனமில்லை. நத்தை ஓட்டைக் கூர்நுனி மேலாகப் பிடித்தால் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும் என்பது உமக்குத் தெரியும். இதற்கு இடப்பக்கம். இந்த அளவில், இந்த வரியோடு, இடப்பக்கம் வாய் உள்ள ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. சரிவு எந்தத் திசை? என்ன மரம்? பாறையா, மண்ணா? உடனே எழுதும். தாசில்தார் சுகமா?’

இதற்கு என்ன பதில் போடுவது? கக்கூஸ் சுவர் தெற்குப் பார்த்தது. கிழக்குச் சரிவு என்று எழுதினேன். பலா மரம், ஈரப்பாறை, பாசி. பாசி மட்டும் நிஜம்.

அக்டோபர் 20, வியாழன்

மூக்கம்மா கேட்டாள், “பாளையங்கோட்டை அய்யா என்ன எழுதியிருக்காரு?”

“ஒன் நத்தை நல்லாருக்காம்.”

“எந்த நத்தை?”

“அதான், சாம்பல் கொட்டப் போனப்ப எடுத்துட்டு வந்தியே.”

“அட, அந்தக் கோண வாயா! ஒன்னை மாதிரியே இருக்குன்னு சொன்னனே, அதுவா? கக்கூஸ் நத்தைக்குப் பவுசைப் பாரேன்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடிதத்தை மடித்துச் சேணத்துக்கு அடியில் செருகினேன். அவள் எட்டாவது வரை படித்தவள்.

அக்டோபர் 27, வியாழன்

ஏற்காட்டுக்காரர் கார்டு போட்டிருக்கிறார். ‘பதினெட்டு வருஷமாகக் கம்பத்தில் ஏறுகிறேன், எனக்கு இப்படி ஒன்று அகப்படவில்லையே ஐயா, உம் கண்ணுக்குச் சுற்றிப்போடச் சொல்லும்.’ பவளக்கொடி டீச்சர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். தன் வகுப்புப் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிச் சொன்னாராம். ‘நான்கு எழுத்து கூடுதலாகப் படித்த நாங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், மலைக்காரரே, நீங்கள் பாறைமேல் தொங்கிக்கொண்டு எடுத்து வருகிறீர்கள்.’

அந்த வரியைத் தாசில்தாருக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். கொள்ளைத் தின்றுகொண்டே கேட்டான்.

கக்கூஸுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். உயிரோடு மூன்று. பாசிக்கும் சுண்ணாம்புப் பொருக்குக்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு. மூன்றுக்கும் வாய் இடப்பக்கம். அந்தச் சுவரை மழைக்குப் பிறகு யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். கக்கூஸுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

நவம்பர் 2, புதன்

ஐயாவின் கடிதம்.

அவருடைய மலை நத்தைப் பட்டியல் புத்தகமாகிறது. நாற்பது வருஷ வேலை. அச்சாபீசில் பாதி எழுத்துக் கோத்தாயிற்று. மொத்தம் நூற்றுப் பதினாறு நத்தை. இப்போது நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ‘உம் கரடிப்பாறை நத்தையை நூற்றுப் பதினேழாவதாகச் சேர்க்கவேண்டும். ஆனால் இதுவரை யாரும் பார்க்காத நத்தைக்கு வெறும் ஓட்டை மட்டும் வைத்து நான் எண் கொடுப்பதில்லை. ஓடு தண்ணீரில் உருண்டு வரும், காக்கை தூக்கி வரும். உயிரோடு இருப்பதை அந்த இடத்திலேயே என் கண்ணால் பார்க்கவேண்டும். 12ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். மறுநாள் சரிவுக்கு அழைத்துப் போகவும். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.’

அவருக்கு எழுபத்தொன்று. போன வருஷம் நெஞ்சு வலி வந்து இருபது நாள் படுத்திருந்தார். கரடிப்பாறைக்கு நானே இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவேன்.

நவம்பர் 3, வியாழன்

உண்மையை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். கார்டில் எழுதினால் போஸ்ட்மாஸ்டர் படித்துவிடுவார். இன்லண்டு எடுத்தேன். ‘அன்புள்ள ஐயாவுக்கு, நலம், நலமறிய ஆவல்.’ இதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. அப்படியே மடித்து வைத்தேன். மூக்கம்மா அதில் பால் கணக்கு எழுதிவிட்டாள்.

நவம்பர் 4, வெள்ளி

கடிதம் போட்டேன். மழையில் கரடிப்பாறை வழி உடைந்துவிட்டது, தை மாதம் வாருங்கள் என்று. தை வரைக்கும் அச்சாபீஸ் காத்திருக்காது, நத்தை இல்லாமலே புத்தகம் வந்துவிடும், எல்லாம் அடங்கிவிடும். வழி உடையவில்லை. பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் சாயங்காலம்வரை காதில் இருந்தது.

நவம்பர் 6, ஞாயிறு

இன்றைக்கு நான் செய்யப் போனதை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

ஐயா எப்படியும் வருவார் என்று விடிந்ததும் தோன்றியது. மழை என்றால் நின்றுவிடுகிற ஆளா அவர்? ஆகவே அந்த மூன்று உயிர் நத்தையையும் தூக்குவாளியில் பாசி வைத்து எடுத்துக்கொண்டு கரடிப்பாறை ஏறினேன். பாறை இடுக்கில் விட்டுவிட்டால் அவை அங்கேயே இருக்கும். 13ஆம் தேதி ஐயா பார்ப்பார், எண் கொடுப்பார். பொய் ஒரு வாரத்தில் நிஜமாகிவிடும். போகும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

மேலே போய் மூடியைத் திறந்தேன். மூன்றும் மூடியின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு கொம்பை நீட்டின. பாறையில் சுண்ணாம்பு ஏது? இவை எதை நக்கி ஓடு வளர்க்கும்? ஒரு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். அட்டை இரண்டு என் காலில் வயிறு நிறையக் குடித்துவிட்டு விழுந்தன. மூடியை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். நல்லவன் என்று அர்த்தமில்லை. ஐயா கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் கக்கூஸ் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

“என்னடி பண்ணுன?”

“பாத்தாத் தெரியல? சொரண்டி வெள்ளையடிச்சேன். பாளையங்கோட்டை அய்யா வாறாருன்னு நீதான சொன்ன. படிச்சவரு வந்து பாசி புடிச்ச கக்கூஸ்லயா போவாரு?”

“பின்பக்கச் சுவரையுமா அடிச்ச?”

“பின்பக்கத்தை மட்டும் அழுக்கா விடவா?”

“தீபாவளி நெருக்கத்துல வெள்ளையடிக்க நல்ல நாளு பாத்தியா?”

“கக்கூஸுக்கு என்னய்யா நல்ல நாளு கெட்ட நாளு?” என்று சுண்ணாம்பு மட்டையைக் கழுவப் போய்விட்டாள்.

புதுச் சுண்ணாம்பு நத்தையை வேகவைத்துவிடும். மூன்றையும் சுவரை விட்டுத் தள்ளி, வாழைக் கன்றடியில் கல்லுக்குக் கீழே விட்டேன்.

நவம்பர் 7, திங்கள்

கல்லைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. மூக்கம்மா தூக்குவாளிக்குள் கையை விட்டு, “என்னய்யா இது வழவழன்னு? இதுல என்னத்தக் கொண்டுபோன?” என்றாள். வெண்டைக்காய் என்றேன்.

நவம்பர் 8, செவ்வாய்

தீபாவளி. கரடிப்பாறையில் நிஜமாகவே இருந்துவிட்டால் என்ன என்று மறுபடியும் ஏறித் தேடினேன். இல்லை. வெடிச் சத்தத்துக்குத் தாசில்தார் கட்டை அறுத்துக்கொண்டு ஓடினான். அவனைத் தேடியதில் பொழுது போனது. அது கொஞ்சம் நிம்மதி.

நவம்பர் 10, வியாழன்

கார்டு. ‘வழி உடைந்தால் என்ன, நீர் இருக்கிறீர், தாசில்தார் இருக்கிறார். சனிக்கிழமை முதல் பஸ்.’

நவம்பர் 12, சனி

வந்துவிட்டார். பஸ் படியில் இறங்குவதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்கினார். கழுத்தில் ஷூ லேஸில் கட்டிய பூதக்கண்ணாடி, கையில் குடை, தோளில் ஒரு பை. முதலில் தாசில்தாரின் நெற்றியைத் தடவினார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“என்ன வே, ஆளு எளைச்சுட்டீரு?”

“ஒங்களைப் பாக்காத ஏக்கம்தாங்கய்யா.”

“ஒம்ம வாயிக்கு ஒரு பட்டியல் போடணும் வே” என்று சிரித்தார். சிரிப்பின் நடுவே இருமல் வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மூக்கம்மா கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து அச்சுத் தாளை எடுத்து விரித்தார். புது மை வாசம். “மாதிரிதான் வே, நாளைக்குப் பாத்தபொறவுதான் உறுதி. இதப் படிச்சுப் பாரும்.” கண்ணாடி இல்லை என்று சொல்லி நான் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினேன். எனக்குக் கண்ணாடி எப்போதும் கிடையாது. மூக்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

“நூத்திப் பதினேழு. இடவாய் நத்தை. இடம், சிறுமலை, கரடிப்பாறைக் கிழக்குச் சரிவு. ஈரப்பாறை மேல். எடுத்தவர், வீரணன்.”

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்படியா” என்றாள். தாளை மடித்து ஐயாவிடம் கொடுத்துவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டில், நான் கேட்காமலே என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்காமல் அவள் சோறு வைத்தது நாலு தடவைதான். நாலும் நல்லதுக்கு இல்லை.

என் பெயரை அச்சில் இன்றுதான் பார்த்தேன். ‘வீ’ அழகாக இருந்தது.

நவம்பர் 13, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். மூக்கம்மா தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஐயா குதிரைமேல் ஏறி உட்கார்ந்தபிறகு என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னாள், “கரடிப்பாறையில நம்ம கக்கூஸைப் பாத்தா ஒரு செம்புத் தண்ணி ஊத்திட்டு வா.”

ஐயா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். புத்தகத்தை யார் யாருக்கு அனுப்பவேண்டும், அட்டை என்ன நிறம். மூன்றாவது ஏற்றத்தில் தாசில்தார் நின்றுவிட்டான். நாலு தடவை கூப்பிட்டும் நகரவில்லை. “சரி வே, நடப்போம்” என்று ஐயா இறங்கி நடந்தார். இருபது எட்டு இருக்கும். குடையை ஊன்றி நின்றார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஒரு கல்லில் உட்காரவைத்துத் துண்டால் விசிறினேன்.

“இறங்கிருவோம் ஐயா.”

“எதுக்கு வே? இன்னும் ரெண்டு மைலுன்னு நீருதான சொன்னீரு. மெள்ளப் போவோம்.”

“அங்க இல்லீங்கய்யா.”

“வழியா?”

“நத்தை.”

அவர் துண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“எங்க வீட்டுக் கக்கூஸுக்குப் பின்னாடி கெடந்துச்சு. கூச்சமா இருந்துச்சு, கரடிப்பாறைன்னு எழுதிட்டேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தால் பின்னாலேயே சொல்ல இரண்டு வேடிக்கைப் பேச்சுத் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

“என் பட்டியல்ல இருபத்தொம்பது நத்தை சிறுமலையில உண்டுங்கிறதுக்கு ஒம்ம சீட்டுதான் வே சாட்சி. அந்த எடமெல்லாம் நான் போனதில்ல. இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு இனிமே போகவும் முடியாது. அதுல எது மலை, எது கக்கூஸுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?”

“அதெல்லாம் சத்தியம் ஐயா. இது ஒண்ணுதான்.”

“இதுவும் சத்தியம்னுதான எழுதுனீரு?”

அவரைக் குதிரையில் ஏற்றினேன். இறங்குகிற வழிக்குத் தாசில்தார் முதல் சொல்லிலேயே நடந்தான்.

வீட்டில் வந்து உட்கார்ந்ததும் பையைத் திறந்து அச்சுத் தாள்களையும் சுற்று நோட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்தார். ஒன்று ஒன்றாகப் புரட்டி, ‘வீரணன்’ என்று வந்த இடத்தில் பென்சிலை வைத்தார். உடனே அடிக்கவில்லை.

மூக்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். “என்னத்தய்யா அடிக்கப் போறீக?”

“எனக்குத் தெரியாததை எல்லாம், தாயி.”

“எதுக்கு?”

சொன்னார். கேட்டுக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் மாடத்திலிருந்த தீப்பெட்டி வரிசையைத் தட்டோடு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ஐயாவுக்கு அனுப்புகிற ஒவ்வொரு நத்தைக்கும் ஜோடி ஒன்றை வீட்டில் வைப்பது வழக்கம். இங்கே இருக்கிறவற்றுக்குச் சீட்டு கிடையாது. எனக்குச் சோம்பல்.

“ஒண்ணொண்ணா எடுத்து எங்கையில வைங்க. நோட்டு ஒங்ககிட்ட இருக்கட்டும். நான் பாக்க மாட்டேன்.”

ஐயா சுற்று நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு முதல் நத்தையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இது பலாத்தோப்பு ஓடையில, பட்டுப்போன மரத்துப் பொந்துல. இவுக தங்கச்சி மகளுக்கு மொட்டையெடுத்து வந்த மறுநா. வைகாசி.”

ஐயா நோட்டைப் பார்த்தார். அடுத்ததை வைத்தார்.

“இது காப்பித் தோட்டத்து வேலிக் கல்லுல. அன்னிக்கு மழை. இவுக வழுக்கி விழுந்தாக, சிரிச்சுக்கிட்டே எடுத்தேன்.”

அடுத்தது. அடுத்தது. ஐயா ஒவ்வொன்றுக்கும் விரலை நோட்டில் வைத்துக்கொண்டே வந்தார். விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சில நத்தைக்கு மட்டும் அவள், “இது எனக்குத் தெரியாது. அவுக எடுத்தது, அவுகளைக் கேளுங்க” என்றாள். நான் சொன்னேன். அதுவும் ஒத்துப்போனது. அவளுக்குத் தெரியாதவை நாலே நாலு.

கடைசிப் பெட்டியை மூடிவிட்டு ஐயா என்னைப் பார்த்தார். “எடுத்தவர் வீரணன்னு இருபத்தொம்பதுலயும் போட்டிருக்கே வே.”

“குடும்பத்துக்கு ஒரு பேருதானய்யா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியே தாசில்தார் தும்மினான்.

பென்சிலை எடுத்தார். நத்தையை அடிக்கவில்லை. இருபத்தைந்து இடத்தில் ‘வீரணன்’ மேல் கோடு போட்டுப் பக்கத்தில் ‘மூக்கம்மா’ என்று எழுதினார். அந்தப் பென்சில் உரசுகிற சத்தத்துக்கு எனக்குப் பல் கூசியது. மூக்கம்மா நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டுவது மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் பால் பொங்கியது. அவள் போகவில்லை. நான்தான் போய் இறக்கினேன்.

“இடவாய் நத்தை?” என்று கேட்டேன்.

“உயிரோட பாக்காம எண் கெடையாது. நாளைக்குப் பதினோரு மணி பஸ். அதுக்குள்ள ஒண்ணு கண்ணுல பட்டாச் சேக்கேன். இல்லாட்டா இல்ல.”

“சுவரைப் பூரா நான் சொரண்டிட்டனேய்யா” என்றாள் மூக்கம்மா.

“நீ என்னம்மா செய்வ? ஒனக்கு யாரும் சொல்லலியே.”

அது எனக்குச் சொன்னது.

நவம்பர் 14, திங்கள்

விடியுமுன்னே நல்ல மழை. எட்டு மணிக்குத் தூறலாகக் குறைந்தது. ஐயா வெள்ளைச் சட்டையோடு கக்கூஸுக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டார். பூதக்கண்ணாடி மறுபடி கழுத்தில் இருந்தது. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. மூக்கம்மா அவர் தலைக்குமேல் குடை பிடித்தாள். நான் வாழைக் கன்றுப் பக்கம் தேடினேன். ஒன்பதரை ஆயிற்று, பத்தாயிற்று. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நீர் தள்ளி நின்றால் போதும் என்றார் ஐயா.

பத்தேகாலுக்கு, “எம்மா!” என்றார்.

சுவரின் அடியில், வெள்ளை படாத கருங்கல் விளிம்பில், ஒன்று. கொம்பு நீட்டி, காய்ந்த சுண்ணாம்புப் பொருக்கை நக்கிக்கொண்டிருந்தது. வாய் இடப்பக்கம். ஐயா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கண் ஓரத்தில் ஈரம் இருந்தது, மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

“சுண்ணாம்புக்குத்தாம்மா வருது. மேல பாறையில அது கெடைக்காது. நீ வெள்ளையடிச்ச சுவருதான் இதுக்குச் சோத்துப்பானை. இதத்தான் புத்தகத்துல போடணும்.”

“அய்யய்யோ, கக்கூஸுன்னா போடப் போறீக?”

“பின்ன என்னன்னு போட?”

“கொல்லைப்புறம்னு போடுங்கய்யா. நாலு பேரு படிக்கிறது.”

“ஏற்கெனவே ஒருத்தருக்குக் கூச்சம் வந்துதான் தாயி என் உயிரு பாதி போச்சு” என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார். இரண்டு நாளைக்குப் பிறகு. மூக்கம்மாவும் சிரித்தாள். ஐயா கையை ஊன்றி எழுந்து, நத்தையைக் குச்சியால் மெதுவாக எடுத்துத் தரையில் ஒரு இலைமேல் வைத்தார். “எடுத்தவரு நீதான, வந்து பாரு” என்று கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அவள் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக நான் ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன்.

சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. முறுக்குக் கடித்த மாதிரி.

மூன்று பேரும் கீழே பார்த்தோம். ஐயாதான் முதலில் பேசினார். உயிரோடு பார்த்தாயிற்று, எண் கொடுக்கலாம், ஆனால் சீட்டு சரியாக எழுதவேண்டும் என்றார். நான் சொல்லச் சொல்ல மூக்கம்மா எழுதினாள்.

பெயர்: இடவாய் நத்தை, 117.
இடம்: சிறுமலை, வீரணன் வீட்டுக் கக்கூஸின் பின்சுவர், சுண்ணாம்பு.
தேதி: நவம்பர் 14.
எதன்மேல் இருந்தது: இலை. பிறகு செருப்பின் அடி.
முதலில் கண்டவர்: மூக்கம்மா.
எடுத்தவர்: வீரணனின் வலது கால்.

சுரண்டி எடுத்தால் ஓடு தூளாகிவிடும், அப்படியே கொண்டுபோகிறேன் என்றார் ஐயா. செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். தீப்பெட்டியில் அடங்கவில்லை. தூக்குவாளியில் பஞ்சு வைத்து, சீட்டை உள்ளே போட்டு மூடிக் கொடுத்தாள் மூக்கம்மா. பதினோரு மணி பஸ் சரியான நேரத்துக்குப் போனது.

மத்தியானம் ஒற்றைச் செருப்போடு மூன்று நடை வாழைத்தார் ஏற்றினேன்.